சக்தி போனாலும் பரவாயில்லை

இன்னைக்கு ஒரு விளையாட்டை வச்சு ஒரு கேள்வி.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974ல் அமெரிக்காவில் வந்தது. நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்துவாங்க. அதில் பாலடின் என்று ஒரு வீரன் உண்டு. தர்மத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்வதால் தெய்வ சக்தி பெற்றவன். அவன் கை வைத்தால் காயம் ஆறும். முந்தைய பதிப்புகளில் நோய் அவனை அண்டாது.

ஆனா அதுக்கு விலை உண்டு. 1978 விதிப் புத்தகப்படி, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துடணும். தெரிந்தே ஒரு தீமை செய்தால் சக்தி நிரந்தரமா போயிடும். 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு, பொய் சொல்லக் கூடாது, ஆபத்தில் இருப்பவருக்கு உதவணும்னு இரண்டையும் சேர்த்தே சொன்னது.

இப்ப கேள்வி. பாலடின் ஒரு குழந்தையை ஒளிச்சு வச்சிருக்கான். சண்டை போட்டு ஜெயிக்க முடியாத அளவுக்குக் கொலைகாரர்கள் வந்து, "குழந்தை இங்க இருக்கா?"ன்னு கேட்கிறாங்க. என்ன சொல்லணும்?

ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1797ல் இதே மாதிரி ஒரு நிலையை எடுத்துக்கிட்டு, கொலைகாரனிடமும் பொய் கூடாது என்றே எழுதினார். எனக்கு அது ஒப்பவில்லை. உண்மையைச் சொன்னா அவன் காப்பாத்தினது தன் சக்தியை மட்டும்தான். அந்த சக்தியே அடுத்தவரைக் காக்கத்தானே?

அதுக்காக, "நல்லதுக்குத்தான்"னு சொல்லி இஷ்டத்துக்கு மீறலாமா? ப்ரோகிராம்ல "இந்த ஒரு தடவை மட்டும்"னு ஒரு விலக்கு எழுதினா, கொஞ்ச நாள்ல பத்து விலக்கு வந்து நிக்கும். சத்தியமும் அப்படித்தான் கரையும்.

அதனால நான் பார்க்கிறது ஒண்ணுதான்: மீறினதால லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? அவன் பொய் சொல்லட்டும். சக்தி போனா, "எனக்கு மட்டும் விலக்கு கொடு"ன்னு கேட்காம இழப்பை ஏத்துக்கட்டும். இழக்கத் தயாரா இருப்பவன்தான் உண்மையான பாலடின்.

நம்ம விரதத்துக்கும் இது பொருந்தும். மௌன விரதத்தில் இருக்கீங்க. ஒரு குழந்தை ரோட்டுல ஓடுது, எதிரே லாரி. கத்துங்க. விரதம் கலைஞ்சது கலைஞ்சதுதான். சாக்கு சொல்லாம, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்போம்.