மாலைக்கு மட்டுமா கழுத்து?

புகழ் வந்தால் "நாம்". பழி வந்தால் "அவர்"! இதுவா அறிவுலகின் அறம்?

தென்கொரியாவின் ஹ்வாங் ஊ சுக் குழுவினர் 2005-இல் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை ஒன்று வெளியிட்டனர். நோயாளிகளின் உடலணுவைக் கொண்டே 11 ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கிவிட்டதாக அது முழங்கிற்று. முடங்கிக் கிடந்தோர் நெஞ்சில் நம்பிக்கை முளைத்தது. உலகம் வியந்தது; கட்டுரைக்குப் பெயர் தந்தோர் 25 பேர்!

ஒரே படம் இருமுறை வந்திருப்பதைக் கண்டு கேள்வி எழுப்பினர், பெயர் மறைத்து எழுதிய இளம் ஆய்வாளர். 2006 ஜனவரியில் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு தீர்ப்புரைத்தது: 11-இல் ஒன்றும் மெய்யன்று!

மூத்த ஆசிரியராகப் பெயர் பொறித்திருந்தவர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஜெரால்ட் ஷாட்டன். பொய்யைப் புனைந்தவர் அவரல்லர் என்றது அப்பல்கலைக்கழகக் குழு. ஆயினும், மூத்த ஆசிரியருக்குரிய பொறுப்பைத் தட்டிக் கழித்தார் என்றும் கூறிற்று.

"அவரும் ஏமாந்தவர்தாமே! ஒருவரே அனைத்தையும் சோதிக்க இயலுமோ?" என்பர் சிலர். இயலாதுதான். எனின், அனைத்துக்குமான புகழை மட்டும் ஏற்க எங்ஙனம் இயன்றது? கையொப்பம் அணிகலன் அன்று, பிணை! கடன் பொய்த்தால் பிணை நின்றவனையும் கேட்பதன்றோ முறை?

அந்த ஆய்வுகளுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் உடலிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் எடுக்கப்பட்டன. வலி அவர்களுடையது, ஏமாற்றம் நோயாளிகளுடையது. பொறுப்பு மட்டும் யாருடையதும் அன்று என்பதோ?

தோழர்களே! பெரும்பெயர் கண்டு மயங்காதீர், சான்று கேளுங்கள். பெயரின்றி உண்மை உரைத்த அவ்விளைஞர்களே அறிவியலின் மானங்காத்தவர்கள். மாலைக்கு நீட்டிய கழுத்து, பழிக்கும் நிமிர்ந்து நிற்கட்டும்!