காரை விட்டு இறங்குவது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பிக் தாம்ப்சன் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக ஒரு மலைச்சாலை போகிறது. லவ்லாண்டிலிருந்து எஸ்டெஸ் பார்க் செல்லும் 34ஆம் எண் நெடுஞ்சாலை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு. ஓடுகிற தண்ணீருக்குள் நின்று ட்ரவுட் மீன் பிடிப்பார்கள். சாலையோரப் பலகைகள் மட்டும் வேறு தொனியில் பேசும்: வெள்ளம் வந்தால் மேலே ஏறு.

1976 ஜூலை 31, சனிக்கிழமை. மறுநாள் கொலராடோ மாநிலமாகி நூறு வருடம். பள்ளத்தாக்கு முழுக்க விடுமுறைக் கூட்டம். மாலையில் மேல்பகுதியில் நகராமல் நின்ற மேகம் சில மணி நேரத்தில் சுமார் 12 அங்குலம் கொட்டியது. கீழே இருந்த பலருக்கு அது தெரியவே இல்லை. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இரவில் யார் என்ன செய்தார்கள் என்று ஈவ் க்ரண்ட்ஃபெஸ்ட் என்ற புவியியலாளர் பின்னர் ஆராய்ந்தார். காரிலேயே தப்பப் பார்த்தவர்களைவிட, இறங்கிச் சரிவில் ஏறியவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

காரை விட ஏன் மனசு வரவில்லை? விலை காரணமாக இருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது நமக்கு ஒரு காட்சி. காட்சியில் ஓடும் ஆறு நம்மை நனைக்காது. அதோடு சாலையின் மேல் ஒரு நம்பிக்கை. ‘இன்னும் ரெண்டு மைல்தானே, வேகமா போயிடலாம்.’ ஆனால் மலையை அறுத்து அந்த வழியைப் போட்டதே ஆறுதான். சாலையும் தண்ணீரும் ஒரே பள்ளத்தில்தான் ஓடுகின்றன.

உடனே ‘நடந்து பார்ப்பவனே உண்மையில் பார்க்கிறான்’ என்று ஆரம்பிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மூட்டுவலிக்காரர்களுக்கு மலை கிடையாதா? அம்மாவோடு அந்தச் சாலையில் போனபோது பலகையைப் பார்த்துக் கேட்டாள், “என்ன எழுதியிருக்கு?”

“வெள்ளம் வந்தா மேலே ஏறணுமாம்.”

“யாரு, நானா?”

சிரித்துவிட்டு மறுபடி ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற முடியாத ஒருவரை, ஏறினால் மட்டுமே பிழைக்கக்கூடிய இடத்துக்கு அழைத்துப் போகலாமா? போகலாம் என்றுதான் நினைக்கிறேன். ‘பாதுகாப்பு’ என்று சொல்லி அவளை வீட்டில் உட்கார வைக்கும் அன்பின் மேல் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குச் சில வேலைகள் உண்டு. தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. எஸ்டெஸ் பார்க் பக்கம் என்ன நிலைமை என்று விசாரிக்க வேண்டும். எங்கே போகிறோம் என்பதைக் கிளம்பும் முன்பே கூட வருபவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

2013 செப்டம்பரில் ஆறு அந்தச் சாலையை மறுபடி அரித்துப் போட்டது. அதே பள்ளத்தில் மறுபடி போட்டார்கள். எஸ்டெஸ் பார்க்கில் ஜனங்கள் இருக்கிறார்கள், வேறென்ன செய்வார்கள்?