மூலமும் நகலும்: ‘தி ஐலண்ட்’ திரைப்படம் குறித்த பார்வையாளர் கருத்துகளும் ஓர் அறவியல் வினாவும்

படைப்பின் பயன் படைப்போனிடம் தொடங்கிக் காண்போனிடம் நிறைவெய்துகிறது என்னும் கருத்து தமிழ்க் கவிதையியலுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த இடத்துப் பின்வந்த உரையாசிரியர்கள் காண்போர் உள்ளத்தையும் கருத்திற்கொண்டே பொருள் விரித்தனர். ஆகவே ஒரு திரைப்படத்தைக் கண்டோர் அதனைப் பற்றி என்ன கூறினர் என்பதும், எதனைக் கூறாது விட்டனர் என்பதும் தமிழாய்வாளர் கருதத்தக்கனவே. மனித நகலாக்கத்தைப் பொருளாகக் கொண்டு மைக்கேல் பே இயக்கிய ‘தி ஐலண்ட்’ என்னும் அறிவியற் புனைவுப் படத்தை முன்வைத்து, அதன் பார்வையாளரிடையே பெரிதும் வழங்கும் கருத்துகளின் அறவியல் அடிப்படையை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இப்படம் 2005 சூலையில் அமெரிக்காவில் வெளியானது. கதை நிகழும் காலமாக அது குறித்த 2019ஆம் ஆண்டு இன்று கடந்துபோன ஆண்டாகிவிட்டது. வெளியுலகம் நச்சுப்பட்டு அழிந்ததென்றும் தாமே எஞ்சியோர் என்றும் நம்பும் மக்கள் கூட்டமொன்று மூடிய வளாகத்துள் வெள்ளுடை உடுத்து, உணவும் உறவும் பிறரால் அளந்தளிக்கப்பட வாழ்கிறது. குலுக்கலில் தேர்வு பெறுவோர் மாசுபடாத தீவொன்றுக்கு அனுப்பப்படுவர் என்பது அவர்தம் ஒரே எதிர்பார்ப்பு. உண்மையில் அவர்கள் அனைவரும் நகலாக்கப்பட்டோர். பெரும்பொருள் கொடுத்த செல்வர்களின் மாற்றுறுப்புத் தேவைக்கென வளர்க்கப்படுவோர். தீவு என ஒன்றில்லை. குலுக்கலில் பெயர் விழுந்தவர் செல்லுமிடம் அறுவைக்கூடமே. இதனை அறிந்த லிங்கன் சிக்ஸ் எக்கோவும் ஜோர்டன் டூ டெல்டாவும் தப்பியோடித் தத்தம் மூலங்களைத் தேடிச் செல்வது கதையின் பிற்பகுதி.

படத்தைக் கண்டோர் கருத்துகளுள் மிகப் பரவலானது, இஃது ஒரு படமன்று, இரு படங்களின் ஒட்டு என்பதாகும். 136 நிமிட நேரத்தில் முற்பாதி சிந்திக்கத் தூண்டுகிறது. பிற்பாதி வண்டிகள் மோதுவதிலும் கட்டடங்கள் சரிவதிலும் கழிகிறது என்பர். மெய்ப்பாட்டு மொழியிற் கூறின், மருட்கையிலும் அச்சத்திலும் தொடங்கிய படம் இடையிலேயே வெகுளிக்கும் பெருமிதத்திற்கும் தாவிவிடுகிறது எனலாம். இக்குறை உண்மையே. வணிகப் பொருள்களின் விளம்பரம் காட்சிகளில் மலிந்துள்ளது என்பதும் மறுக்கவியலாதது. அது குறித்து இங்கு விரித்துரைக்க ஏதுமில்லை.

இப்படம் தாயகத்தில் பெற்ற வரவேற்பும் தென்கொரியாவில் பெற்ற வரவேற்பும் வேறுபட்டமை நோக்கத்தக்கது. பன்னிரண்டு கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் உருவான இது அமெரிக்காவில் நான்கு கோடி டாலரைக்கூட ஈட்டவில்லை. தென்கொரியாவிலோ முப்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் இதனைக் கண்டனர். அவ்வாண்டில் அந்நாடு நகலாக்கத்தையே பேசிக்கொண்டிருந்தது. நோயாளருக்குப் பொருந்தும் குருத்தணு வரிசைகளை நகலாக்கக் கருக்களிலிருந்து பெற்றுவிட்டதாக ஹுவாங் வூ-சுக் 2005 மே மாதத்தில் அறிவித்திருந்தார். நாடு அவரைக் கொண்டாடியது. அவ்வாண்டின் இறுதியில் அவ்வாய்வு புனையப்பட்டது என வெளிப்பட்டு, 2006 சனவரியில் ‘சயின்ஸ்’ இதழ் அவர்தம் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவருடைய ஆய்வுக் குழுவிலிருந்த இளம் பெண்களே கருமுட்டை வழங்கியிருந்தனர் என்பதும் அப்போது தெரியவந்தது. மேலுள்ளவர் விருப்பத்தைக் கீழுள்ளவர் மறுக்க இயலாத ஓரிடத்தில் பெறப்படும் இசைவு இசைவுதானா என்னும் வினா, திரையில் காட்டப்பட்ட குலுக்கலுக்கும் இந்த ஆய்வகத்திற்கும் பொதுவானது.

நகல் என்னும் சொல்

அறிவியல் அறிந்த பார்வையாளர் கூறும் குறை வேறு. நகலுயிர் முழு வளர்ச்சியுற்ற உடலோடு பிறக்க இயலாது; 1996இல் பிறந்த டாலி என்னும் ஆடும் குட்டியாகவே பிறந்தது; அந்த ஒன்றைப் பெறவே 277 முறை கருமுட்டையோடு உயிரணுவை இணைக்க வேண்டியிருந்தது. 2009இல் அரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் நகலாக்கத்தால் பெற்ற எருமையும் கன்றாகவே பிறந்து பாலுண்டு வளர்ந்தது. இவ்வாறு பிறக்கும் உயிர், தன் மூலத்திற்குக் காலத்தாற் பிற்பட்ட இரட்டையே அன்றி வேறன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரை நாம் அன்றாடம் காண்கிறோம். அவருள் யார் மூலம், யார் நகல் என ஒருவரும் வினவுவதில்லை. ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதுற்றால் மற்றவரை அறுத்தெடுக்கலாம் என எவரும் எண்ணுவதுமில்லை.

அவ்வாறாயின் நகலாக்கப்பட்டவர் என்றவுடன் நம் மதிப்பு ஏன் ஒரு படி இறங்குகிறது? இதற்கு அச்சொல்லே ஒரு காரணம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. நகல் என்பது அலுவலகத்திலிருந்து வந்த சொல். அசலுக்குக் கையொப்ப மதிப்புண்டு. நகலுக்குச் சான்றொப்பம் வேண்டும். தாள்களுக்குரிய இந்த ஏற்றத்தாழ்வு, சொல்லோடு சேர்ந்து உயிர்களின்மேல் ஏறிவிடுகிறது. படத்திலும் நிறுவனத்தார் இவர்களை மாந்தர் என்று அழைப்பதில்லை. விளைபொருள் என்றே சுட்டுகின்றனர். கொலைக்கு முன்னரே பெயர் மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

சுவடிப் பதிப்பில் பழகிய தமிழாய்வாளர் இவ்விடத்தில் எளிதில் ஏமாறமாட்டார். ஆசிரியன் கைப்பட எழுதிய ஏடு சங்க நூல்களுள் ஒன்றுக்கேனும் நமக்குக் கிடைத்ததில்லை. செல்லரித்தும் சிதைந்தும் போன ஏடுகளிலிருந்து மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதப்பட்ட படிகளையே உ.வே.சாமிநாதையர் முதலியோர் ஒப்புநோக்கிப் பதிப்பித்தனர். படிகள் ஒவ்வொன்றும் தமக்கெனப் பாடவேறுபாடும் வரலாறும் உடையன. முன்னதன் பழுதைச் செப்பனிடும் பொருட்டு வெட்டியெடுக்கத்தக்க ஓலைக்குவியல் எனப் பின்னதனை எந்தப் பதிப்பாசிரியரும் கருதியதில்லை. ஏட்டுக்கு நாம் நல்கும் இந்த மதிப்பை உயிருக்கு நல்கத் தயங்குவது வியப்பே.

நினைவும் மனமும்

லிங்கனின் கனவில், அவன் கண்டறியாத ஒரு படகு தோன்றுகிறது. அது அவனுடைய மூலமாகிய டாம் லிங்கனுக்கு உரியது. நினைவு மரபணுவில் பதிவதில்லையாதலின் இஃது இயலாதது எனப் பார்வையாளர் பலர் நகைத்தனர். அவர்கள் கூறுவது சரியே. எனினும் இதன் குறை அறிவியற் குறையினும் அறக்குறையாகவே எனக்குத் தோன்றுகிறது. மூலத்தின் நினைவு நகலுக்கும் உண்டு எனக் காட்டுவதன் வாயிலாக, படம் அவனுடைய மதிப்பை மூலத்திடமிருந்தே கடன் பெறுகிறது. டாம் லிங்கனின் நினைவு ஒரு துளியும் இல்லாதிருந்தாலும் அவன் கொல்லப்படத் தகாதவனே. அவனுக்குரியதென மூன்றாண்டு வாழ்க்கை இருந்தது, நண்பன் இருந்தான், ஏன் எல்லோரும் வெள்ளையே உடுத்த வேண்டும் என்று கேட்கும் மனம் இருந்தது. அதுவே போதுமானது.

உயிர்களை அறிவின் வழி வகைப்படுத்திய தொல்காப்பிய மரபியல், ஆறாவதாக மனத்தைச் சுட்டுகிறது. அவ்வகைப்பாடு பிறப்பு முறையை வினவவில்லை என்பது கருதத்தக்கது. விந்தையாதெனின், இதே உண்மையைப் படத்தில் முதலிற் கண்டறிபவர் கொடியோராகிய மெரிக் என்னும் மருத்துவரே. உணர்வற்ற உடல்களாக இவை வைக்கப்பட்டுள்ளன என்றே பணம் கொடுத்தோர்க்குச் சொல்லப்பட்டிருந்தது. சட்டமும் அதனையே கோரியது. ஆயின் உணர்வும் பட்டறிவும் இல்லாத உடலில் உறுப்புகள் நிலைக்கவில்லை என்பதை நிறுவனம் கண்டுகொண்டது. நல்ல ஈரல் வேண்டுமெனின் நினைக்கும் ஒருவனை வளர்த்தாக வேண்டும். மனம் உண்டு என்பதை அறிந்த பின்னும் மெரிக் இவர்களுக்கு ஆன்மா இல்லை என்றும் இவர்கள் கருவிகளே என்றும் வாதிடுகிறார். அறியாமையால் விளையும் தீங்கினும் அறிந்து பெயர் மாற்றுவதால் விளையும் தீங்கு கொடிது. படத்தின் வலுவான இடமும் இதுவே. பிற்பாதி இரைச்சலில் இதனைப் பலர் கேளாது விட்டனர்.

கூறப்படாதவை

மனிதரை எஞ்ஞான்றும் வெறும் வழியாக மட்டும் நடத்தலாகாது. அவரே நோக்கமும் ஆவர் என்பது இம்மானுவேல் காண்ட்டின் அறக்கோட்பாடு. நகலாக்கம் பற்றிய உரையாடல்களில் இக்கோட்பாடே மிகுதியும் எடுத்தாளப்படுகிறது. படத்தைக் கண்டோரும் பெயர் சுட்டாவிடினும் இதனையே நாடி, பணம் படைத்தோர் மீது சினமும் தப்பியோடுவோர் மீது பரிவும் கொண்டனர். ஆயின் அப்பரிவு எங்ஙனம் ஈட்டப்பட்டது என்பதை ஆராய வேண்டும். டாம் லிங்கன் தன்னலமுடையவன். இன்பத் துய்ப்பால் ஈரலைக் கெடுத்துக்கொண்டவன். அடைக்கலம் நாடி வந்தவர்களை நிறுவனத்திற்குக் காட்டிக்கொடுக்கிறான். இறுதியில் லிங்கன் தன் கைப்பட்டையை அவன் மணிக்கட்டில் மாட்டிவிட, துரத்தி வந்தவர்கள் நகல் என்றெண்ணி மூலத்தைச் சுட்டுக் கொல்கின்றனர். இக்காட்சியை அறிவுக்கூர்மை எனப் பாராட்டியோர் பலர். ஒருவர் சாவில் மற்றவர் பிழைப்பது என்னும் நிறுவனத்தின் நெறியே இங்குத் திசை மாறி நிகழ்ந்துள்ளது என்பதைக் குறித்தோர் மிகச் சிலர். தற்காப்பு என்று வாதிடலாம், அவ்வாதம் வலுவுடையதும்கூட. எனினும் இறந்தவன் தீயோனாகப் படைக்கப்பட்டதனாலேயே அவ்வாதம் நமக்குத் தேவைப்படாமற் போயிற்று.

ஜோர்டனின் நிலை இதனினும் சிக்கலானது. அவளுடைய மூலமாகிய சாரா ஜோர்டன் விபத்துக்குள்ளாகி நினைவிழந்து கிடக்கிறாள். ஜோர்டன் அவள் இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது திரையில் தோன்றுபவன் சாராவின் சிறு மகன். தன் தாய்தான் பேசுகிறாள் என அவன் எண்ணுகிறான். படம் அங்கே சில நொடிகளே நிற்கிறது. பின் ஓட்டம் தொடர்கிறது. முதுகலை வகுப்பொன்றில் இப்படம் பற்றிய உரையாடலின்போது, ‘அந்தப் பையன் என்ன ஆனான்?’ என்று மாணவி ஒருவர் கேட்டார். வகுப்பிலிருந்த வேறு எவருக்கும் அக்காட்சி நினைவில் இல்லை.

உண்மையான அறச்சிக்கல் அச்சிறுவனிடமே உள்ளது. தீயோன் ஒருவனுக்காகக் குற்றமற்றவள் ஒருத்தியைக் கொல்லலாமா என்பது எளிய வினா. குழந்தை ஒன்றின் தாய் பிழைப்பதற்காகக் கொல்லலாமா என்பது எளிதன்று. விடை மாறாதது ஆயினும் அதனைக் கூறும்போது நாக்குத் தடுமாறும். மெரிக்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தீர்க்கப் போவதாகவே தம் செயலுக்கு நியாயம் கற்பிக்கிறார். அந்த நியாயத்தைக் கொடியோன் வாயில் வைத்ததால் அதனை எதிர்கொள்ளும் பொறுப்பிலிருந்து பார்வையாளர் விடுபட்டனர். அதே 2005இல் வெளியான கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ என்னும் நாவலில் இத்தகைய கொடியோர் எவருமிலர். உறுப்புக்கென வளர்க்கப்பட்டோர் தப்பியோடவும் முயல்வதில்லை. நோயுற்றோரின் நலனை நாடும் ஒரு சமூகம் முழுவதுமே அங்குக் குற்றவாளியாகிறது. அதனாலேயே அந்நாவலைப் படித்தோர் கருத்துகளில் வெகுளி குறைவாகவும் இளிவரல் மிகுதியாகவும் காணப்படுகிறது.

இவ்வினா திரையோடு நிற்பதன்று. தமக்கையின் நோயைத் தீர்க்கப் பொருந்தும் கருவைத் தேர்ந்து, 2000இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை பிறப்பிக்கப்பட்டது. தொப்புள்கொடிக் குருதியே எடுக்கப்பட்டதாதலின் அக்குழந்தைக்குத் தீங்கில்லை. பெற்றோரும் அதனைப் பேணி வளர்த்தனர். ஆகவே ஒரு பயன் கருதிப் பிறப்பித்தல் என்பதே தீது எனக் கூறவியலாது. பயன் முடிந்த பின்னும் அவ்வுயிர் தனக்கென வாழ இடமுண்டா என்பதே நோக்கத்தக்கது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005 மார்ச்சில் மனித நகலாக்கம் முழுவதற்கும் எதிராக நிறைவேற்றிய அறிவிப்பை 84 நாடுகள் ஆதரித்தன. 34 நாடுகள் எதிர்த்தன. 37 நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. மகப்பேற்றுக்கான நகலாக்கத்தை இந்தியாவும் ஏற்கவில்லை. மருத்துவ ஆய்வுக்கான வாயிலை அடைக்கலாகாது என்பதே அதன் நிலைப்பாடு. நோயுற்றோர் பக்கமிருந்து நோக்கிய நிலைப்பாடு அது. ஆயினும் பணத்துக்குச் சிறுநீரகம் விற்போர் பெருகியதனால் 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்ற நேர்ந்ததும் இதே நாட்டில்தான். பிறர் உடலை இருப்பாகக் கருதுவதற்கு இங்கு நகலாக்கம் தேவைப்படவில்லை, வறுமையே போதுமானதாயிற்று.

படத்தின் இறுதியில் வளாகத்தின் கதவுகள் திறக்க, வெள்ளுடையினர் பாலைநில வெயிலில் திரளாக வெளிவருகின்றனர். லிங்கனும் ஜோர்டனும் கனவிற்கண்ட படகில் கடல்மேற் செல்கின்றனர். பார்வையாளர் பெரும்பாலோர் இவ்விறுதியை மகிழ்வான முடிவு என்றே குறிக்கின்றனர். வெளிவந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூலம் எங்கோ உண்டு. அவருட் சிலர் அவ்வேளையிலும் மருத்துவமனைப் படுக்கையில் உறுப்பினை எதிர்நோக்கிக் காத்திருப்பர். இருதரத்தாரும் நேருக்கு நேர் சந்திக்கும்போது யார் யாரிடம் என்ன கூறுவர் என்பதைப் படம் எழுதவில்லை.