வேண்டுதலும் உறுதியும்

ஆண்டு பிறக்கும்போது உறுதி செய்துகொள்ளுதல் உலக மக்களிடையே பரவியுள்ள வழக்கமாகும். தீய பழக்கத்தை விடுவேன் என்று உறுதி கொள்வார் பலர். அவரேயன்றி, புதியதொன்றைப் படைப்பேன், கைவினையொன்றைப் பழகுவேன் என்று உறுதி கொள்வாரும் உளர். பூத்தையல் கற்பேன் என்பார் ஒருவர்; கூடை முடையப் பழகுவேன் என்பார் மற்றொருவர்; நெடுநாளாக நெஞ்சில் கிடக்கும் கதையை எழுதி முடிப்பேன் என்பார் வேறொருவர். சனவரியில் செய்த இவ்வுறுதிகளுள் பெரும்பாலானவை மாசி பிறப்பதற்குள் எங்குப் போயின என்று தேட வேண்டியிருக்கிறது. ஊசி துருவேறுகிறது; துணி பெட்டிக்குள் போகிறது. அதனினும் தீயது யாதெனில், "எனக்கு இது வாராது" என்னும் எண்ணம் உள்ளத்தில் வேரூன்றிவிடுவதாகும். ஒரு துணி வீணாவது சிறிய இழப்பு. ஒருவர் தம் கையின்மேல் வைத்த நம்பிக்கையை இழப்பதோ பேரிழப்பு. ஆகவே, உறுதி என்பது யாது, எதனை நாம் உறுதி செய்துகொள்ளலாம் என்னும் வினாக்களை ஆராய்வது நம் கடமையாகும்.

புத்தாண்டு உறுதியைக் கண்ணாற் காணும் பொருளாகவே ஆக்கிவைத்திருக்கும் நாடு ஜப்பான். அங்குக் கும்மா மாநிலத்தில் தகாசாகி என்னும் நகரம் உள்ளது. அந்நகரம் தாருமா பொம்மைக்குப் பெயர் பெற்றது. தென்னாட்டு அரசகுமாரர் என்று மரபு கூறுவதும், தமிழர் காஞ்சியோடு இணைத்துப் பேசுவதுமான போதிதருமரின் பெயரே அப்பொம்மைக்கு வழங்குகிறது. காகிதக் கூழால் வார்த்துச் செந்நிறம் தீட்டிய உருண்டை வடிவம். அடியில் கனம் வைத்திருப்பதால் எப்பக்கம் சாய்த்தாலும் மீண்டும் நிமிர்ந்துவிடும். 1783ஆம் ஆண்டில் அசாமா எரிமலை வெடித்துப் பஞ்சம் சூழ்ந்த காலத்தை ஒட்டி, அவ்வூர்க் கோயில் துறவியொருவர் மர அச்சுச் செய்து, வருவாயிழந்த உழவர்களுக்கு இத்தொழிலைக் கற்பித்தார் என்பது அவ்வூரார் கூறும் வரலாறு.

அப்பொம்மை கடைக்கு வரும்போது அதன் கண்களில் கருமணி இராது. ஆண்டுத் தொடக்கத்தில் அதனை வாங்குவோர், தம் உறுதியை மனத்துட்கொண்டு ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டுவர். எண்ணியது முடிந்த பின்னரே மறு கண்ணுக்கு மை. ஆண்டு கழிந்ததும் பொம்மையைக் கோயிலுக்குக் கொண்டுசென்று எரித்துவிடுவர். ஒற்றைக் கண்ணோடு பொம்மை எதிரே இருக்கும்போது, செய்த உறுதியை மறத்தல் எளிதன்று. இவ்வளவில் அவ்வழக்கம் போற்றத்தக்கதேயாகும்.

ஆயினும் கைவினை பழகுவார்க்கு இதில் ஓர் இடர் உண்டு. முடிவு ஒன்றே கண் திறக்கும் நாளாகிவிட்டால், இடையில் உள்ள முந்நூறு நாளும் குருட்டு நாளாகிவிடுமன்றோ? நூறு நாள் நெய்தும் சேலை முடியவில்லையெனில், அந்த நூறு நாளும் பயனற்றவையா?

இதற்கு விடை காணச் சங்யுத்த நிகாயத்தில் பகவர் காட்டிய இரண்டு உவமைகள் துணை செய்கின்றன. கோழியொன்று எட்டோ பத்தோ முட்டையிடுகிறது. அது முட்டைகளின்மேல் அமர்ந்து சூடு கொடாமல், குஞ்சுகள் வெளிவர வேண்டும் என்று எவ்வளவு விரும்பினும் குஞ்சுகள் வாரா. முறையாக அடைகாத்த கோழியோ, அவ்வாறு விரும்பாவிடினும் குஞ்சு பொரிக்கும். இஃது ஓர் உவமை. மற்றொன்று தச்சனைப் பற்றியது. மரம் செதுக்கும் வாய்ச்சியின் காம்பில் தச்சனுடைய விரல்களின் தடம் பதிந்திருக்கிறது. இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவன் அறியான். தேய்ந்தபின் தேய்ந்தது என்று மட்டும் அறிகிறான். மனம் பற்றுகளினின்று விடுபடுவதை விளக்க வந்த உவமைகள் இவை. எனினும், தொழிலிலிருந்து எடுத்த உவமை தொழிலுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

கோழியின் உவமை நமக்கு உணர்த்துவது, வேண்டுதல் வேறு, உறுதி வேறு என்பதாகும். பௌத்தம் வினையை எண்ணத்தில் வைத்தே அளக்கிறது. உள்ளத்தின் ஏவலாகிய சேதனையே கன்மம் என்பது அதன் கொள்கை. இதனைக் கேட்டு, "நான் எண்ணிவிட்டேன், எண்ணமே வினையாயிற்று" என்று ஒருவர் அமைதி கொள்ளலாகாது. சேதனை என்பது கையையும் நாவையும் மனத்தையும் இயக்குவது. இயக்காத எண்ணம் வேண்டுதலே. "இவ்வாண்டு அழகிய சேலை ஒன்று நெய்ய வேண்டும்" என்பது வேண்டுதல். "நாள்தோறும் விளக்கேற்றியபின் அரைமணி நேரம் தறியில் அமர்வேன்" என்பது உறுதி. முன்னதில் காலமும் இல்லை, இடமும் இல்லை, கையும் இல்லை. பின்னதில் மூன்றும் உள்ளன.

"குறிக்கோள் வேண்டாவோ? குடத்தை எண்ணாமல் குயவன் சக்கரத்தைச் சுழற்றுவானோ?" என்று வினவுவார் உளர். குறிக்கோள் வேண்டும், அது வழியைக் காட்டும். ஆனால் நாம் வாக்களிக்கத்தக்கது நம் ஆற்றலுக்குட்பட்டது மட்டுமே. நூல் விலை ஏறலாம், குழந்தை நோயுறலாம், ஆலையில் இரவு வேலை வரலாம். முடிவை வாக்களித்தவர் இவற்றின் முன் தோற்று நாணுகிறார். உழைப்பை வாக்களித்தவர் ஒரு நாள் தவறினும் மறுநாள் ஊசியை எடுக்கிறார். தச்சனின் காம்பு ஒரே நாளில் தேய்வதில்லை. ஒருநாள் விட்டதனால் பழைய தேய்வு மறைவதும் இல்லை. இதனை உணர்ந்தால் குருட்டு நாள் என்று எதுவும் இல்லையென்பது விளங்கும்.

இனி, விருப்பம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதில் இரு வகை உண்டு. செய்ய விழைதல் ஒன்று. பெற விழைதல் மற்றொன்று. முன்னது சந்தம் எனப்படும். வீரியம், சித்தம், ஆராய்ச்சி என்பவற்றோடு சேர்ந்து சித்தி தரும் நான்கு அடிப்படைகளுள் முதலாவதாக எண்ணப்படுவது. பின்னது வேட்கை, துன்பத்திற்கு வேராவது. வண்ண நூல்களையும் புதுக் கத்தரியையும் வாங்கிக் குவித்தவுடன் தொழில் தொடங்கிவிட்டதுபோல் ஒரு மகிழ்ச்சி தோன்றுகிறது. அது வேட்கையின் மகிழ்ச்சி. வாங்கிய நூல் நூலாகவே கிடக்கும். ஆதலின் புதியன வாங்குமுன், சென்ற ஆண்டு அரைகுறையாய் விட்டவற்றை வெளியில் எடுத்துப் பார்த்தல் நன்று. முடிக்கத்தக்கதை முடிக்கலாம், முடியாததைப் பிரித்து நூலை மீட்கலாம், இரண்டும் இயலாவிடின் பயன்படுத்துவார்க்கு அளித்துவிடலாம். அரைகுறை வேலை பாவமன்று. அதனைக் காண அஞ்சி மூடிவைப்பதே சுமையாகும்.

இவ்வளவும் கூறியபின், ஒன்றைக் கூறாது விடலாகாது. உறுதி என்பது தேர்ந்துகொள்வார்க்கே உரியது. இந்நாட்டில் பல்லாயிரம் கைகள் தாம் தேராத தொழிலைச் செய்தன. பிறப்பே அவர்க்கு ஆண்டுதோறும் உறுதி செய்து கொடுத்தது. சாதி என்பது தொழிலை மட்டுமன்றித் தொழிலாளரையே பிரித்துவைப்பது, மனிதனின் விருப்பத்திற்கு அதில் இடமில்லை என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இல் வெளியான தம் நூலில் எடுத்துக் காட்டினார். ஆதலின், கைத்தொழில் உயர்ந்தது என்று வாளா புகழ்வது முழு உண்மையன்று. விதிக்கப்பட்ட தொழில் விலங்கு. விரும்பி ஏற்ற தொழில் பயிற்சி. தந்தை சுமந்த தொழிலை மகன் கைவிடுவதும் ஓர் உறுதியே. அதே தொழிலை இழிவு நீக்கித் தன் விருப்பத்தால் ஏற்பதும் ஓர் உறுதியே. இரண்டிலும் தேர்வு அவனுடையதாக இருத்தல் வேண்டும். ஊசியை எடுக்கும் ஒரு பெண், "இது என்மேல் சுமத்தப்பட்டதன்று, நான் தேர்ந்தது" என்று கூற இயலுமாயின், அவள் இடும் முதல் தையலே விடுதலையின் அடையாளமாகும்.

ஆகவே அன்பர்களே, வரும் ஆண்டிற்குப் பெரிய பட்டியல் வேண்டா. ஒரு தொழில், ஒரு நேரம், ஓர் இடம் என்று தேர்ந்துகொள்ளுங்கள். அதனை வீட்டார்க்கும் சொல்லிவையுங்கள். அந்நேரத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்க அவர்கள் பழகட்டும். திங்கள்தோறும் ஒருமுறை, எவ்வளவு முடிந்தது என்று எண்ணாமல், கை எவ்வாறு பழகியிருக்கிறது, எங்கே பிழைக்கிறது என்று ஆராயுங்கள். தையல் கோணலாயின் பிரித்து மீண்டும் இடுங்கள். வீட்டில் ஒருவர் புதிதாய்ப் பழகத் தொடங்கினால், அவருடைய கோணலைக் கண்டு நகையாதீர்கள். நாட்கள் தம் வேலையைச் செய்யும். காம்பில் விரல் பதியும்.