கேளாத ஓசையும் இன்மை அறிவும்

புதிய எஸ்யூவி ஒன்றின் ஆற்றல் கடத்தும் தொகுதியில், அதாவது எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் வழியே சக்கரங்களுக்குக் கொண்டுசேர்க்கும் உறுப்புகளில், உரிமையாளர் கேட்கும் ஊளை ஓசை டீலரின் சர்வீஸ் நிலையத்தில் கேட்காமற்போகும்போது, வாரண்டிச் சிக்கலாகத் தோன்றுவது, அறிவு பெறும் வழிகளை ஆராயும் அளவையியலின் பழைய வினாவாக உருக்கொள்கிறது: காணாமை இன்மைக்குச் சான்றாகுமா?

இந்திய மெய்யியலில், குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சை மரபினர் காணாமையை (அனுபலப்தி) தனி அளவையாகவே ஏற்றனர். நியாய மரபினரான நையாயிகரோ இன்மையும் காட்சியாலேயே, அதாவது நேரடிப் புலனறிவாலேயே, அறியப்படும் என்றனர். எனினும், பொருள் இருந்திருப்பின் புலப்பட்டேயாக வேண்டிய சூழலில் மட்டுமே அது புலப்படாமை இன்மையைக் காட்டும் என்ற நிபந்தனையை இரு சாராரும் வலியுறுத்தினர். டிஃபரென்ஷியல் பற்சக்கரங்களின் ஊளை குறிப்பிட்ட வேகத்திலும் சுமையிலும் மட்டுமே எழுவதுண்டு; சக்கர பேரிங்கின் இரைச்சலோ, வளைவில் எடை ஒருபக்கம் சாயும்போது கூடுவதுண்டு. ஆகவே நகர நெரிசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "ஓசை இல்லை" என ஜாப் கார்டில் எழுதுவது, அந்த நிபந்தனையை நிறைவேற்றாத கூற்றே.

உரிமையாளரின் சொல்லை நம்பத்தக்கவர் உரையாக (ஆப்தவாக்கியம்) ஏற்பதும் எளிதன்று. அதற்கு நேர்மையோடு பொருளறிவும் வேண்டும்; பெரும்பாலான வண்டியோட்டிகளிடம் பின்னது அரைகுறையே. டெக்னீஷியனை அருகில் அமர்த்தி, ஓசை எழும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிக்காட்டும்போது உரை காட்சியாகிறது. எந்த உறுப்பு பழுது என்னும் அனுமானம் அதன் பின்னரே தொடங்குகிறது.