மாங்காய்ப் பால்

காம்பை ஒடித்ததும் சொட்டும் மாங்காய்ப் பால் உதட்டில் பட்டால் புண்தான். அம்மா காயைக் கவிழ்த்து வைத்து வடியவிடுவார். மரத்துக்கோ அது காவல். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிஞ்சு மாங்காயில் பூஞ்சையைத் தடுக்கும் ரெசோர்சினோல்களையும், அதன் பாலில் பூஞ்சையின் சுவரையே கரைக்கும் கைட்டினேஸ் நொதியையும் கண்டார்கள். அந்திரக்னோஸ் என்னும் அழுகல் நோயைத் தரும் பூஞ்சை பிஞ்சிலேயே தொற்றிவிடும். முன்னேற வழியின்றி உறங்கிக் கிடக்கும். காய் பழுக்கப் பழுக்கக் காவல் தளரும், பூஞ்சை விழிக்கும். கண்டிச் சந்தையில் முந்தாநாள் மஞ்சளாய் வாங்கிய கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில், இன்று காலை ஐந்தாறு கறுப்புப் பொட்டு. விரல் வைத்தால் அமுங்குகிறது. பாலை வடியவிடாமல் வைத்த காயில் அழுகல் குறைகிறதாம். இதை அம்மாவிடம் யார் சொல்வது?