நானூறு முறை சொன்ன ஆசிரியர்

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்க, பின்தங்கிய ஒருவனுக்காக மட்டும் ஆசிரியர் மணிக்கணக்கில் உட்காருவது நியாயமா? சமயங்கள் இந்தக் கேள்வியை வெகுகாலத்துக்கு முன்பே எதிர்கொண்டிருக்கின்றன.

யூதர்களின் சமய நூலான தால்மூதில் ரப்பி பெரீதா என்ற ஆசிரியர் வருகிறார். அவரிடம் ஒரு மாணவன். எந்தப் பாடமானாலும் நானூறு முறை சொன்னால்தான் அவனுக்கு மண்டையில் ஏறும். பெரீதா சலிக்காமல் சொன்னார். ஒருநாள், அறக்காரியம் ஒன்றுக்கு வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது. அன்றும் நானூறு முறை சொல்லிப் பார்த்தார், பாடம் ஏறவில்லை. இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அழைப்பு வந்த நேரத்திலிருந்து, இதோ எழுந்துவிடுவார், இதோ எழுந்துவிடுவார் என்றே நினைப்பு ஓடியதாகச் சொன்னான் மாணவன். பெரீதா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி இன்னொரு நானூறு முறை சொல்லிக்கொடுத்தார்.

‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று பள்ளிகளில் தனியே பிரிக்கப்படும் பிள்ளைகளுக்கும், ஆசிரியர் எழுந்துவிடுவாரோ என்ற இந்தப் பயம் உண்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்க அவர்களுக்கு வாய் எழாது.

பௌத்தத்தில் சூளபந்தகர் என்ற துறவியின் கதை வேறு வகை. நான்கு மாதமாகியும் அவருக்கு ஒரு செய்யுள்கூட மனப்பாடமாகவில்லை. துறவியாக இருந்த சொந்த அண்ணனே, மடத்தைவிட்டுக் கிளம்பு என்று சொல்லிவிட்டார். புத்தர் அவரைத் தடுத்து, கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அழுக்கு நீங்குவதைக் குறிக்கும் ஒரே சொல்லைச் சொல்லியபடி தேய்க்கச் சொன்னார். கை பட்டுப் பட்டு வெள்ளைத் துணி கறுத்தது. எதுவும் நிலைப்பதில்லை என்பது அந்தத் துணியிலேயே அவருக்கு விளங்கியது.

பெரீதா அதே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். புத்தரோ பாடத்தையே மாற்றினார். எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்பது, அவனை மட்டும் எதிரே உட்காரவைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

யூதர்களின் மறையான தோராவைக் கூலி வாங்காமல் கற்பிக்க வேண்டும் என்பதும் தால்மூதின் விதி. அதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால், அதிக நேரம் தேவைப்படும் பிள்ளைக்கே அதிகச் செலவு. வீட்டில் காசில்லை என்றால் அவன் படிப்பு அத்தோடு நின்றுபோகும்.

அப்படி நிற்காமலிருக்க, ஓய்வுபெற்ற ஆசிரியரோ கல்லூரி மாணவியோ கட்டணம் வாங்காமல் வாரத்தில் இரண்டு மாலைகளை ஒரே பிள்ளைக்கு ஒதுக்கலாம். அந்த நேரத்தில் செல்பேசியை அணைத்துவிட வேண்டும். பாடம் புரியும்வரை இவர் எழுந்து போகமாட்டார் என்பது முதல் நாளே அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.